எதிரே உட்கார்ந்தவள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கட்டுரை: கூட்டாளி மீதே திரும்பிய நாடுகள். ஆஸ்திரியாவோடு முப்பது வருடத்துக்கு மேல் உடன்பாட்டில் இருந்த இத்தாலி, 1915இல் அதன்மீதே போர் தொடுத்தது. அடுத்த வரி வரவில்லை. கல்மண்டபம் பகுதியில் என் வீட்டுக்குக் கீழே கேரம் கிளப். அங்கே ஒரே கூச்சல். எரிச்சலோடு இறங்கிப்போனேன். கட்டுரை அதோடு செத்தது.

2
ஜஸீமா ஒரு பாவப்பட்ட— (இந்த வரியை வெட்டியது நானில்லை, அவளேதான்.)

ஜஸீமாவும் எழில்மொழியும் பள்ளிக்கூட நாளிலிருந்தே இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. கடை ஷட்டரில் நசுங்கிய ஜஸீமாவின் கட்டைவிரல் மடங்காது. ஸ்ட்ரைக்கர் வைக்கும் தன் கோட்டுக்குப் பின்னால் கிடக்கும் காயைக் கட்டைவிரலால்தான் பின்பக்கமாகச் சுண்ட வேண்டும்; அது அவளால் முடியாது. ஜோடி எதிரெதிரே உட்காருவதால் அதையெல்லாம் எழில் பார்த்துக்கொள்வாள்.

இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. ஒன்றே ஒன்று. கீழே கிளப்பில் நடந்த தேர்வின் கடைசிச் சுற்றில் மிஞ்சியது இவர்கள் இருவரும். ஒற்றையரிலும் எதிரெதிரேதான் உட்கார வேண்டும்.

3
"எழிலின் கண்களில் ஒரு குரூர—" சே, அபத்தம். அவள் செய்தது இவ்வளவுதான்: ஜஸீமாவின் காய்களை ஒவ்வொன்றாகத் தட்டி அந்தக் கோட்டுக்குப் பின்னால் தள்ளினாள். (நம் பலவீனம் கூட்டாளிக்குத் தெரிந்த அளவு எதிரிக்குத் தெரியாது. கட்டுரையில் இதை எழுதியிருப்பேன்.)

"இன்னாமா எழிலு, தோஸ்துக்கே ஆப்பு வெக்கிறியே!" என்றார் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த மஜீது பாய்.

"என் வூட்லயும் ஒல வெக்கணும் பாய்."

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

4
ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதுக்கு முன் டீ. எழில் மனமிளகி விட்டுக்கொடுப்பதாகக் கதைக்கு ஒரு முடிவு யோசித்து, ஜஸீமாவிடம் சொன்னேன்.

"அவ வுட்டுக்குடுத்தா போர்ட கவுத்துட்டு பூடுவேன்," என்றாள். "எனக்கும் வவுறு எரியுது சார். ஆனா பாவம் கீவம்னு எழுதாத. கடைசிக் காய்னா அவளுக்குக் கை ஒதறும். இத்தினி நாளா அத்த நான்தான் போட்டுகினு வந்தேன். இன்னிக்கி அத்த அவளுக்கே வுட்டு வெப்பேன், பாரு."

5
அப்படியே ஆயிற்று. இருவருக்கும் ஒரே ஒரு காய் பாக்கி. ஜஸீமாவுடையது அவள் கோட்டுக்குப் பின்னால். எழிலுடையது குழி ஓரத்தில், குழந்தைகூடப் போட்டுவிடும். முறை எழிலுடையது. ஸ்ட்ரைக்கரின் மேல் அவள் விரல் நடுங்கியது.

அப்போது பழக்கதோஷத்தில் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, ஜோடியாக ஆடிய நாளெல்லாம் ஜஸீமா ஒரு தலையசைப்பைத் தருவாள்: பயப்படாத, போடு.

வேலைக்குப் போனது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஜஸீமாவின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். எழில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.