மெஷின்ல ஒன்னும் இல்லக்கா

மதியம் ஒன்றரை மணிக்குப் பாலர் பள்ளியிலிருந்து திரும்பிய தனலெட்சுமி, வாசல் இரும்புக் கதவின் பூட்டைத் திறக்கும் முன்பே பக்கத்து ஜன்னல் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்து ஹாலைப் பார்த்தாள். நினைத்தபடியே ஆகியிருந்தது. காலையில் அவள் விட்டுப் போனபோது கணினித் திரையில் தமிழ்ப்பள்ளிப் பவளவிழா மலரின் நாற்பத்தோராம் பக்கம் திறந்து கிடந்தது. இப்போது அது ஒன்றும் தெரியாத பிள்ளை போலக் கடவுச்சொல் கேட்டு நின்றது. இந்த வாரத்தில் இது நான்காவது முறை. யாரோ அணைத்துப் போட்டிருக்கிறார்கள், அல்லது அதுவாகவே அணைந்து அதுவாகவே எழுந்திருக்கிறது. அதுவாகவே என்பதைத் தனலெட்சுமி நம்பத் தயாராக இல்லை. ஐம்பது வயதுக்குள் அவள் கண்டவரை அதுவாகவே நடப்பது என்று எதுவும் கிடையாது. நடத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு இருக்கிறவர்கள்தான் உண்டு.

கணினி மகள் ஷாமளா பினாங்குக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. கிழடு. பொத்தானை அழுத்தினால் முழித்து உட்கார கால் மணி நேரம் பிடிக்கும். அதனால் தினமும் காலை ஆறரைக்கு அதை எழுப்பி அரை மணி நேரம் தட்டச்சு செய்துவிட்டு, அப்படியே திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மதியம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அவ்வப்போது சேமிக்க வேண்டும் என்று ஷாமளா போனில் தலைதலையாக அடித்துக்கொண்டிருந்தாள். எழுதி முடிக்காததை எதற்குச் சேமிப்பது என்பது தனலெட்சுமியின் கட்சி. அந்தக் கட்சிக்கு இந்த வாரம் நான்கு முறை தோல்வி.

சாயங்காலம் காளியப்பன் வந்ததும் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, கணினி இருந்த பக்கம்கூடத் திரும்பாமல் பதில் சொன்னார்.

"பழசாயிருச்சு தனம். தூக்கிப் போட்டுரு."

உடைந்த குடையைக்கூட மூன்று வருடமாகக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிற மனிதர் இவர். தூக்கிப் போடு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் தனலெட்சுமிக்குச் சுருக்கென்றது.

காளியப்பன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருடம், ஒரு கீறல் இல்லை. விடியற்காலை மோட்டார் சைக்கிளில் போய் பஸ்ஸை எடுத்து, மாசாய்க் குடியிருப்புகளில் தாமான் தாமானாக ஆளேற்றி, பாசிர் கூடாங்கில் காலை ஷிப்டை இறக்கிவிட்டு, இரவு ஷிப்ட் ஆட்களை வீட்டில் கொண்டுவந்து விடுவார். அப்புறம் மதியம் இரண்டு மணி வரை வேலை இல்லை. பஸ் நிறுத்துமிடத்திலேயே மற்ற டிரைவர்களோடு தாம் காய் நகர்த்தி ஆடிவிட்டுத் தூங்குவதாகத்தான் இத்தனை வருடமும் சொல்லி வந்தார். அவளும் நம்பி வந்தாள்.

சுருக்கென்ற பிறகு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். இரண்டு மாதமாக மனிதர் காலையில் காப்பி குடிப்பதில்லை. வயிறு சரியில்லையாம். கல்யாணமான நாளிலிருந்து காப்பி இல்லாமல் படி இறங்காதவருக்கு இப்போது வேறு எங்கோ காப்பி கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? அடுத்தது அந்தக் கால்சட்டை. நாள் முழுக்க டீசலிலும் வெயிலிலும் கிடக்கிற ஆளின் நீலக் கால்சட்டை, சாயங்காலம் சோப்பு வாசத்தோடு வீடு திரும்புகிறது. ஒரு நாள் துணிக்கூடையில் போடும்போது மூக்கருகே வைத்துப் பார்த்தாள். மல்லிகை வாசம். அப்புறம் அந்தப் பிரேமலா. தொழிற்சாலைப் பெண், பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. 'அண்ணே, அஞ்சு நிமிசம் லேட்டு, வெயிட் பண்ணுங்க' என்று விடியற்காலையில் போன் போட்டுக் கொஞ்சுகிறவள். அண்ணனாம். தனலெட்சுமிக்கு நெஞ்சு எரிந்தது. கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே.

சனிக்கிழமை கணினியை ஒரு துண்டில் சுற்றி, டவுனில் ஜைத் கடைக்குக் கொண்டுபோனாள். ஜைத் அவளுடைய பாலர் பள்ளியில் படிக்கும் ருமானாவின் அப்பா, கை சுத்தமான ஆள். திறந்து தூசியெல்லாம் ஊதித் தள்ளினான். மூன்று நாள் கடையிலேயே இரவும் பகலும் ஓடவிட்டான். செவ்வாய்க்கிழமை போனபோது கையை விரித்தான்.

"மெஷின்ல ஒன்னும் இல்லக்கா. இங்க குண்டு மாதிரி ஓடுது. உங்க வீட்டுலதான் ஏதோ இருக்கு."

தனலெட்சுமி கணினியைச் சுற்றிவந்த துண்டை உதறி மடித்தாள். ஜைத் பாட்டுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினான். கணினி எப்போதெல்லாம் திடீரென்று நின்றுபோனதோ அத்தனையும் தேதி போட்டு, மணி போட்டு அதற்குள்ளேயே பதிவாகியிருந்தது. போன வாரம் திங்கள், பத்து நாற்பத்திரண்டு. செவ்வாய், பத்து ஐம்பது. புதன், பத்து முப்பத்தெட்டு. வியாழன், பத்து நாற்பத்தைந்து. அதற்கு முந்தைய வாரங்களிலும் ஒன்றிரண்டு உண்டு. சனி ஞாயிறில் ஒன்றுகூட இல்லை.

"மின்சாரம் டக்குனு இறங்குது போல. அதே லைன்ல பெரிய சாமான் ஏதாச்சும் ஓடுதாக்கா?"

"வாஷிங் மெஷின் இருக்கு தம்பி. ஆனா நான் அஞ்சு மணிக்கே தொவைச்சு முடிச்சிருவேன்."

அது உண்மை. எஸ்டேட்டில் விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட வேண்டும் என்று வளர்ந்த வீடு அவளுடையது. இப்போது பெரட்டும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை. ஆனாலும் வெயில் வந்த பிறகு துணி துவைத்தால் அவளுக்கு அன்றைய பொழுதே கெட்டுவிடும். அவள் அறிந்தவரை இந்த வீட்டில் வாஷிங் மெஷினும் கணினியும் ஒன்றாக ஓடியதே கிடையாது.

"அப்ப பத்தே முக்காலுக்கு வீட்டுல யாருக்கா இருப்பா?"

"யாரும் இல்ல தம்பி," என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

வியாழக்கிழமை பல் வலி என்று சொல்லி ஒன்பதரைக்கே பாலர் பள்ளியிலிருந்து கிளம்பினாள். வீட்டுக்குள் போய், கம்பிக்குள்ளிருந்து கையை வெளியே விட்டு இரும்புக் கதவை வெளிப்பக்கமாகவே பூட்டினாள். மரக்கதவைச் சாத்தினாள். செருப்பைக் கையோடு எடுத்துக்கொண்டாள். பிறகு கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சொந்த வீட்டில் திருடியைப் போல் உட்கார்ந்திருப்பது அவமானமாக இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரியையே மறுபடி மறுபடி படித்தாள். ஒன்றும் ஏறவில்லை.

பத்தரை தாண்டியதும் பின் சந்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவருடையதுதான், அந்தக் கரகரப்பை அவளுக்குத் தெரியாதா? பின்கதவு திறந்தது. ஒரு ஆள் நடக்கும் ஓசைதான் கேட்டது. இன்னொரு ஆளுக்காகக் காது காத்திருந்தது. குழாயில் தண்ணீர் ஊற்றும் சத்தம், வாளி நகரும் சத்தம். குளிக்கிறாராக்கும் என்று நினைத்தாள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததில் விரல் வலித்தது.

டொக் என்று எதுவோ சமையலறையில் திருகப்பட்டது. அதே நொடியில் அவள் கண்முன்னால் திரை இருண்டது. நாற்பத்தோராம் பக்கம் போயே போய்விட்டது. கணினி பெருமூச்சு விட்டு அடங்கி, மறுபடி உறுமி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்று அதன் வழக்கமான மணியோசை வீடு முழுக்கக் கேட்டது. உடனே சமையலறையிலிருந்து காளியப்பனின் குரல் வந்தது. அந்த மாதிரிக் குழைந்த குரலை அவள் பல வருடமாகக் கேட்டதில்லை.

"எழுந்துட்டியா? சரி, சரி. கொஞ்ச நேரந்தான்."

தனலெட்சுமி எழுந்தாள். இனி மறைய ஒன்றுமில்லை, வந்திருப்பவளின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். சத்தமில்லாமல் நடந்து சமையலறைத் திரைச்சீலையின் ஓரத்தை விலக்கினாள்.

அங்கே யாரும் இல்லை. காளியப்பன் மட்டும் இடுப்பில் துண்டோடு, அவள் மீன் கழுவும் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நீலக் கால்சட்டையோடு சுழன்றுகொண்டிருந்த வாஷிங் மெஷின் மேல் பெல்ட்டும் சாவியும் இருந்தன. பக்கத்தில் அவளுடைய மல்லிகை வாசச் சோப்புத்தூள் பொட்டலம், வாய் பிரிந்து கிடந்தது. பஸ் டிரைவர் இருக்கையின் துணி உறை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அவர் காலிலிருந்து கழற்றிய கறுப்புச் சப்பாத்து ஒன்றை எடுத்து, அதற்குள் கையை விட்டுக் கந்தலால் துடைத்தார். வெளியே எடுத்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்து மறுபடி துடைத்தார். அந்த அறையில் சோப்பு வாசத்துக்கு அடியில் மூத்திர வாசம் இருந்தது.

தனலெட்சுமிக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. கனரக லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும் அந்தச் சாலை. பின்னால் நாற்பது பேர். நிறுத்தி இறங்க முடியாது, அடக்கவும் முடியவில்லை. அதற்குத்தான் காப்பியை விட்டது. அடுத்த மாதம் லைசன்ஸுக்கு டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போட்டதும் அதற்குத்தான். தான் மெஷினை முடுக்கினால் ஹாலில் எது அணைகிறது என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஆளில்லாத வீட்டில் அந்தக் கிழட்டுக் கணினியிடம்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிரேமலாவை நினைத்தபோது தனலெட்சுமிக்கு முகம் கூசியது. கோபமும் வந்தது. முப்பது வருடம் ஒரே பாயில் படுத்தவளிடம் சொல்ல முடியாதது, ஒரு மெஷினிடம் சொல்ல முடிந்திருக்கிறது.

உள்ளே போக ஒரு காலை எடுத்து வைத்தாள். துண்டோடு இருக்கிற அந்த முதுகைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. திரைச்சீலையை விட்டுவிட்டு, வந்த மாதிரியே திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவர் துணியைப் பிழிந்து, பையிலிருந்து வேறு கால்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பின்கதவைப் பூட்டிவிட்டுப் போகும்வரை அசையவில்லை. ஈரத் துணியை இனி பஸ்ஸின் கடைசி ஜன்னலோரம் காயப்போடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் காளியப்பன் சோப்பு வாசத்தோடு வந்தார். கைகால் கழுவி மேசையில் உட்கார்ந்ததும் அவராகவே கேட்டார்.

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"மெஷின்ல ஒன்னும் இல்லங்க. லைன்தான். வாஷிங் மெஷின் ஓடுனா கம்ப்யூட்டர் அணைஞ்சிருது."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கி, அது பிடிக்காமல், மறுபடி முடுக்கினார்கள்.

"நீதான் அஞ்சு மணிக்கே தொவைச்சிர்றியே."

"ஆமா," என்றாள். "இனிமே நான் போறப்ப கம்ப்யூட்டர அணைச்சிட்டுப் போறேன். நீங்க பாட்டுக்கு ஓட்டிக்குங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காதோரம் மட்டும் சிவந்து ஏறியது. அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது இருவருக்கும் சுலபமாக இருந்தது.

"சனிக்கிழமை எனக்கு லீவு. கிளினிக்கு நானும் வர்றேன்."

காளியப்பன் ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

"லைசன்ஸ புடுங்கிருவாங்க தனம்."

பிடுங்க மாட்டார்கள் என்று சொல்ல அவள் டாக்டர் இல்லை. இரண்டு மாதமாகக் கவிழ்த்து வைத்திருந்த அவருடைய காப்பிக் கிளாஸை எடுத்துக் கழுவினாள். அவருக்குப் பிடித்த மாதிரி சீனி தூக்கலாகக் கலக்கி, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள். காளியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியின் மேல் மெல்ல ஆடை படிந்தது. கடைசியில் கிளாஸை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பாதி குடித்தார். மீதியை மேசையின் குறுக்கே அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.