இரண்டு கடிதம், ஒரே பதில்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், என் பெட்டியிலுள்ள ஸ்க்ரூ டிரைவர் அத்தனையும் இன்றே துருப்பிடித்துப் போகட்டும்.

அப்போது நான் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்ப்பவன். அந்தத் தொழிலுக்கு ஒரே விதிதான். கடைசியாகக் கழற்றியதை முதலில் மாட்ட வேண்டும். உருளையைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங்கைக் கழற்றினால், மாட்டும்போது ஸ்பிரிங் முதலில், உருளை அப்புறம். வரிசை தப்பினால் கையில் ஒரு திருகு மிஞ்சும்.

மூன்றாம் மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு தட்டச்சர் இருந்தார். அவருடைய இயந்திரம் மாதம் இரண்டு முறை பழுதாகும். எப்படிப் பழுதாகும் என்பதை மட்டும் கேட்காதீர்கள், சத்தியம் செய்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை அவருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றில், 'வெள்ளிக்கிழமை ரிப்பன் மாற்ற வரலாமா?' மற்றதில், 'என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா?' புதன்கிழமை ஒரே ஒரு பதில் வந்தது. தாளின் நடுவில், தட்டச்சில், ஒரே சொல்: சரி.

எதற்குச் சரி? வெள்ளி மாலை அவர் மாற்றலாகி வேறு ஊருக்கு ரயிலேறுகிறார் என்று வாசல் காவலாளி வேறு சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்கு ரிப்பனோடு போவதா, மோதிரத்தோடு போவதா?

நல்லவேளையாக என்னிடம் ஒரு பழைய தட்டச்சு இயந்திரம் இருந்தது. பெயர் இரும்பு மாடு. அதைக் கழற்றிவிட்டு, கடைசியிலிருந்து வரிசை தப்பாமல் மாட்டிக்கொண்டே போனவன், கைவாக்கில் ஒரு படி கூடுதலாகப் பின்னால் போய்விட்டேன். அன்றிலிருந்து, விடையைச் செருகினால் அது கேள்வியை அடித்துத் தரும்.

என் அக்கா வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் நம்பவில்லை.

"ஒரு எண்ணை ரெண்டால பெருக்கி மூணு கூட்டினேன் மாப்ள. பதினொண்ணு வந்துச்சு. உன் மாடு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

மாடு முதலில் மூன்றைக் கழித்தது. பிறகு இரண்டால் வகுத்தது. 'நான்கு' என்று அடித்துவிட்டு மணியும் அடித்தது.

"அட! கடைசியா கூட்டினதை முதல்ல கழிக்குதே! என் வகுப்புல ஒருத்தனுக்கும் இது மண்டையில ஏறல."

வெள்ளி மதியம், அந்தச் 'சரி'யைச் செருகினேன். மாடு ரிப்பன் கடிதத்தை அடித்தது. என் உயிர் பாதி போயிற்று. அதே வரியின் மேலேயே கல்யாணக் கடிதத்தையும் அடித்தது. போன பாதி திரும்பி வந்தது. மறுபடி ரிப்பன், மறுபடி கல்யாணம். தாள் கறுத்துக் கிழிந்த பிறகும் உருளைமேல் அடித்துக்கொண்டே இருந்தது.

"மச்சான், வண்டி அஞ்சரைக்கு. ஏதாவது பண்ணுங்க!"

"என்னத்தைப் பண்றது? ரெண்டு கேள்வியும் ஒரே பதில்ல போய் விழுந்திருக்கு. அங்கேருந்து எந்தப் பக்கம்னு திரும்பும்? மாட்டு மேல குத்தமில்ல. ஒரு கேள்வியோட நிறுத்தியிருந்தா, திரும்பி வர ஒரே வழிதான் இருந்திருக்கும்."

"மாட்டோட ரிப்பனும் தீர்ந்துபோச்சே மச்சான்."

"இவனுக்குக் கல்யாணம் ஒரு கேடு! நேரா போய் அவங்களையே கேட்டா என்னடா?"

"அது கணக்குல சேராதே."

அவர் தன் தலையில் அடித்துக்கொண்டார். மனைவியின் தம்பி என்பதால் என் தலையை விட்டுவிட்டார்.

ஐந்தரைக்கு ரயில் கூவியது பட்டறைவரை கேட்டது. ஒரு கையில் அவருக்கு வாங்கிய புது ரிப்பன், ஒரு கையில் மோதிரம். எழுந்திருக்க மூன்றாவது கை இல்லை.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் எத்தனையோ படி ஏறினேன். மூன்றாம் மாடியில் மட்டும் மூச்சு வாங்கும், நான்காவதில் வாங்காது. எங்கோ ஓர் ஊரில், ரிப்பன் தேய்ந்த இயந்திரத்தில், அவர் மங்கலாக ஏதோ அடித்துக்கொண்டிருப்பார் என்று தோன்றும். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும்.

அந்தச் 'சரி'யை அடித்ததும் நானேதான். அந்த இரண்டு கடிதங்களையும் நான் தபாலில் போடவில்லை.