டிராக்டர் டியூபின் மேல் ஒரு அடைகாப்பு

காலையில் கண்ணாடித் தொட்டியின் விளக்குகள் தாமாக அணைந்ததும், காவ்யா ஜன்னல்களைச் சாத்தி ஜமக்காளத்தை இழுத்து மாட்டினாள். கூடம் இருண்டது. இந்தக் கோடை முழுக்க அவள் வீட்டு மீன்களுக்குப் பகல்தான் இரவு. அரிமளத்து மே மாத வெயிலோடு விளக்குச் சூடும் சேர்ந்தால் தண்ணீர் தாங்காது என்று டைமரை அவள்தான் திருப்பி வைத்திருந்தாள்.

எட்டடி நீளத் தொட்டி அது. அவள் கணவன் சிவபிரகாஷுக்கு தோகாவில் பைப் ஃபிட்டர் வேலை. போன விடுமுறையில் வந்தவன் கண்ணாடிகளை வாங்கி, சிலிக்கான் வைத்துத் தானே ஒட்டினான். சென்னையில் முறையாக வளர்த்து விற்பவரிடம் பவளத் துண்டுகளை வாங்கி வந்து பாறைகளில் பதித்தான். பதித்த கையோடு விமானம் ஏறிவிட்டான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரான காவ்யாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கூட்டிக்கொண்டிருந்தபோது, சுருங்கிக் கிடந்த ஒரு பவளம் குட்டிக் குட்டி விரல்களை விரிப்பதைப் பார்த்துவிட்டாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் போனில் அவனைக் கேட்பதை நிறுத்திவிட்டு அவளே செய்ய ஆரம்பித்தாள். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியைப் பிவிசி குழாயிலும் குளிர்பானப் பாட்டிலிலும் செய்தாள். பவளம் வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, மருந்துக்கடையில் வாங்கிய, குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் வேனில் கடல்தண்ணீர் கேன்கள் வரும். கலங்கல் அடியில் படியும்வரை அவற்றை மாடியில் வைத்திருந்து வடிகட்டுவாள்.

இன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொட்டியில் இருந்த, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி, அவள் போட்டுவைத்த உடைந்த சட்டி ஓட்டில் முட்டையிட்டிருந்தது. நேற்றுப் பார்த்தபோது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள். கூடம் இருட்டிக் கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். வந்தால் மற்ற மீன்கள் விட்டுவைக்காது. அதனால் ஓட்டை அப்படியே எடுத்து, அதே தண்ணீர் நிரப்பிய ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றியிருந்தாள். முட்டைகளை உரசியபடி, மோட்டார் ஊதும் காற்றுக் குமிழ்கள் ஓடிக்கொண்டிருந்தன. குமிழ் நின்றால் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும்.

தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. குமிழும் நின்றது.

“டிரான்ஸ்பார்மர் போச்சு!” என்று யாரோ கத்தினார்கள். இன்வர்ட்டர் ஒரு தரம் கீச்சிட்டு அடங்கியது.

சிவபிரகாஷுக்கு நாலைந்து தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. ஒரு டம்ளரை எடுத்து ஓட்டின் மேல் மெதுவாகத் தண்ணீரை மொண்டு ஊற்றிப் பார்த்தாள். இப்படியே எவ்வளவு நேரம் ஊற்ற முடியும்? பெரிய தொட்டிக்கு யார் ஊற்றுவது? காற்று வேண்டும். அடைத்து வைத்த காற்று எங்கே இருக்கும் என்று யோசித்தவளுக்குப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை சட்டென்று கண்ணில் வந்து நின்றது. எழுந்து ஓடினாள்.

பக்கத்து வீட்டுச் சேவுகனுக்கு விவசாயம். கிணற்றில் பிள்ளைகள் நீச்சலடிக்கப் பழைய டிராக்டர் டியூப் ஒன்றைக் கொட்டகையில் மாட்டியிருந்தார்.

“அண்ணே, அந்த டியூபக் குடுங்க! காத்தோட!”

“என்னத்தா, கெணத்துக்கா போற இந்த வெயில்ல?”

“மீனு குஞ்சு பொரிக்கப் போகுதுண்ணே! மூச்சு வுட காத்து இல்ல!”

சேவுகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டியூபை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி செவந்தியும் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். காவ்யா மெல்லிய குழாய் ஒன்றில், சொட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரிப் செட் உருளையை மாட்டினாள். சேவுகன் வால்வு ஊசியைத் திருகி எடுத்ததும் காற்று சீறியது. அவள் குழாயைச் சட்டென்று டியூபின் வாயில் செருகி, உருளையை நகர்த்தி நகர்த்தி அதை அடக்கினாள். ஒரு கிளை நீலத் தொட்டிக்கு, இன்னொன்று பெரிய தொட்டிக்கு.

குமிழ் வந்தது. பிறகு மெலிந்தது.

“அழுத்தம் பத்தல. அண்ணி, இது மேல ஒக்காருங்க!”

“நானா?”

“ஆமாண்ணி! சீக்கிரம்!”

செவந்தி சேலையை ஒதுக்கிக்கொண்டு டியூபின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு தொட்டியிலும் குமிழ்கள் பொலபொலவென்று எழும்பின. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் குலுங்கக் குலுங்கக் குமிழும் குலுங்கியது.

“சிரிக்காதீங்க அண்ணி, முட்டை ஆடுது!”

“கோழி மாதிரி என்னைய அடைக்கு ஒக்கார வச்சுட்டு சிரிக்காதேங்கிறியே!”

“இந்தக் காத்து ரொம்ப நேரம் நிக்காது. இன்னொரு டியூப் கெடக்கு. பஞ்சர் கடை டேங்க்ல காத்து மிச்சம் இருக்கும், அடிச்சுக்கிட்டு வாரேன்” என்று சேவுகன் வெளியே பாய்ந்தார்.

இருட்டில், டியூபின் காற்று குறையக் குறையச் செவந்தி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள். காவ்யா செல்போன் விளக்கை விரல்களால் மறைத்து, ஒரு கீற்று வெளிச்சத்தை மட்டும் நீலத் தொட்டியின் ஓரத்தில் காட்டினாள்.

ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு துரும்பு. அது துள்ளியது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டிலிருந்து பொடிப் பொடியாகக் கழன்று, வெள்ளிக் கண்களோடு வெளிச்சத்தை நோக்கி வந்து மொய்த்தன.

“அண்ணி! வந்துருச்சு! வந்துருச்சு!”

“எங்கடி? நான் எந்திரிக்கலாமா?”

“எந்திரிச்சுராதீங்க!”

வாசலில் இரண்டாவது டியூப் உருண்டு வந்தது. சேவுகன் மூச்சிரைக்க நின்றார். குழாயை மாற்றினார்கள். அதன்மேல் சேவுகனே ஏறி உட்கார, செவந்தி தொட்டியோரம் மண்டியிட்டு, வாயில் கைவைத்துப் பார்த்தாள். “ஆத்தாடி! எள்ளுக்குக் கண்ணு மொளச்ச மாதிரியில்ல இருக்கு!”

போன் அடித்தது. வீடியோவில் சிவபிரகாஷ், தலையில் வேலைத் தொப்பியோடு.

“என்ன காவ்யா, இத்தனை தடவை கூப்புட்டுருக்க? தொட்டி ஒடஞ்சிருச்சா?”

“பேசாம பாருங்க.” போனைத் தண்ணீருக்கு மேல் பிடித்தாள்.

“ஒண்ணும் தெரியலையே… ஏய், இரு. அது என்ன ஓடுது?” அவன் போட்ட கூச்சலில், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. பெரிய தொட்டியில் சூட்டில் சுருங்கிப் போயிருந்த பவளங்கள் மறுநாள் ஒவ்வொன்றாக விரிந்தன. காவ்யா மாடியில் வெயிலில் வைத்திருந்த கேன்களிலிருந்து பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீரையும், அதில் வளர்த்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும் எடுத்துவந்து குஞ்சுகளுக்கு ஊற்றினாள். அப்படியும் நிறைய செத்தன. காலையில் அடியில் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணியபடி உறிஞ்சி எடுப்பாள். மிஞ்சியவை விழுந்து விழுந்து தின்றன. துரும்பாக இருந்தவை மீன் வடிவத்துக்கு வந்தன, உடம்பில் ஆரஞ்சு ஏறியது.

ஒரு காலையில் செவந்திதான் முதலில் கவனித்தாள். “காவ்யா, இங்கிட்டு வா. இதுக்கு என்னமோ வெள்ளையா அடிச்சிருக்கு. சீக்கா?”

காவ்யா குனிந்து பார்த்தாள். நகக்கண்ணளவு மீன் ஒன்றின் தலைக்குப் பின்னால், கோலமாவால் இழுத்தது போல ஒரு வெள்ளைப் பட்டை. அடுத்ததற்கும் இருந்தது. அதற்கடுத்ததற்கும்.

“சீக்கு இல்லண்ணி! கோமாளி ஆயிருச்சு! முழுசா ஆயிருச்சு!” என்று செவந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினாள்.