பன்னிரண்டு மணி வரைக்கும் தெரியாது

மயிலாப்பூரின் சரித்திரத்தை என்றைக்காவது யாராவது முழுசாக எழுத உட்கார்ந்தால், தொண்ணூற்றேழாம் வருஷத்து வெள்ளிக்கிழமை ஒன்றுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கவேண்டி வரும். அன்று காலை, தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தன் பூர்வீக வீட்டுக் கூடத்தில், வங்கி அதிகாரியான ஸ்ரீமான் ராகவேந்திரன் மனித குலத்தின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நிற்கும் பழைய காரை எந்தப் பராமரிப்பு ஸ்கீமில் சேர்ப்பது என்பதே அந்த முடிவு.

அதே வீட்டின் பின்னறையில் அவருடைய அப்பா சுந்தரராமன் செத்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ரிடையரான மனிதர். அவருக்கு அத்தியாயமெல்லாம் தேவையில்லை.

ராகவேந்திரனின் தங்கை ஜானு ஈரத் துணியும் கையுமாகக் கூடத்துக்கு வந்தபோது, டீப்பாய் மேல் மூன்று வண்ணங்களில் மூன்று காகிதங்கள் விரித்துக் கிடந்தன. எதிர் நாற்காலியில் மெஹபூப் பாஷா. தி. நகரில் பழைய கார் வாங்கி விற்று, பராமரிப்பு ஸ்கீமும் போடும் கம்பெனியின் ஆள். சட்டைப்பையில் நாலு பேனா, உதட்டில் நிரந்தரமான ஒரு சிரிப்பு.

"மூணு ஸ்கீம் கீது சார். பெட்ரோல் ஸ்கீம், கேஸ் ஸ்கீம், அப்பால ஃபுல் ஸ்கீம். உங்கள மாதிரி டீசன்ட் பார்ட்டிங்க அல்லாரும் ஃபுல்லுதான் போடறாங்க."

அந்தக் கார் ஒரு விநோதப் பிறவி. பெட்ரோலிலும் ஓடும். ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தியிருக்கும் ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டினால், டிக்கியில் படுக்கவைத்திருக்கும் சிலிண்டரிலும் ஓடும். அடுக்களையில் ரசம் கொதிக்கவைக்கும் அதே சிலிண்டர். ராகவேந்திரன் மட்டும் அதை 'டூயல் ஃப்யூயல்' என்று உதட்டைக் குவித்துச் சொல்வார். சொல்லி முடித்தபிறகும் உதடு கொஞ்ச நேரம் அப்படியே குவிந்திருக்கும்.

"அண்ணா," என்றாள் ஜானு. "அப்பா உன்னைக் கேட்டுண்டே இருக்கார். மூச்சு ஒரு மாதிரி இழுக்கறது. காசிச் சொம்பை உடைச்சு வெச்சிருக்கேன். நீ வந்து ஒரு உத்தரணி கங்கை ஜலம் விடு."

"இதோ வரேன்னு சொல்லு."

"காலம்பறலேர்ந்து அதைத்தான் சொல்லிண்டிருக்கேன்."

"ஜானு, இது சின்ன விஷயமில்லை. ரெண்டு வருஷத்துக்குக் கட்டிப்போடற காரியம்." ராகவேந்திரன் பாஷாவிடம் திரும்பினார். "இப்போ பாருங்கோ. பெட்ரோல்ல ஓடறச்சே ரிப்பேர் ஆனா பெட்ரோல் ஸ்கீம். கேஸ்ல ஓடறச்சே ஆனா கேஸ் ஸ்கீம். சரி. நான் ஸ்விட்சைத் தட்டறேன். இது விட்டுடுத்து. அது இன்னும் பிடிக்கலை. அந்த நடுவுல ஏதாவது ஆனா யார் பொறுப்பு?"

பாஷா ஒரு கணம் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை அவர் சந்தித்ததில்லை என்பது தெரிந்தது.

"அது ஃபுல்லுல மட்டும்தான் சார் வரும்."

"இதுல போட்டிருக்கா?"

"போட்டுகினா வந்துரும் சார்."

அப்பாவின் ஆயுளைப் பற்றி அண்ணா இவ்வளவு நுணுக்கமாக ஒரு கேள்விகூட டாக்டரிடம் கேட்டதில்லை என்று ஜானுவுக்குத் தோன்றியது. போன வாரம் டாக்டர் வந்தபோது, 'எல்லாம் பகவான் கையில இருக்கு' என்று அண்ணாதான் டாக்டருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

"முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு கையெழுத்து. வண்டிய இன்னிக்கு செக் பண்ணிகீறோம். செக் பண்ண அன்னிக்கே சைன் ஆவணும். இல்லாட்டி மறுக்கா மொதல்லேர்ந்து."

ராகவேந்திரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "அடடா. ராகு காலம் ஆரம்பிச்சுடுத்தே. இனிமே பன்னண்டுக்கு மேலதான் கையெழுத்து."

"வெயிட் பண்ணிக்கிறேன் சார். மேடம் கையால இன்னொரு காப்பி வந்தா சாயந்தரம் வரைக்கும்கூட உக்காருவேன்."

அடுக்களையிலிருந்து மன்னி ஸ்ரீரஞ்சனியின் சிரிப்பு கேட்டது. ஜானு திரும்பிப் பின்னறைக்குப் போனாள்.

சுந்தரராமன் கண்ணைத் திறக்காமலே, "ரகு வந்துட்டானா?" என்றார்.

"வந்துண்டே இருக்கான்பா. நான் விடறேன், வாயைத் திறங்கோ."

உத்தரணியை உதட்டருகே கொண்டுபோனாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உயிரே ஒழுகிப் போய்க்கொண்டிருந்த உடம்பில் அந்த உதடுகளுக்கு மட்டும் எங்கிருந்து அத்தனை பலம் வந்தது என்று தெரியவில்லை. எட்டு வருஷமாக அவரைக் குளிப்பாட்டி, வாயைத் துடைத்து, மலம் அள்ளியது இந்தக் கைதான். ஆனாலும் இந்த ஒரு உத்தரணிக்கு அவருக்கு வேறு கை வேண்டியிருந்தது. தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வாசல் கதவு எந்தப் பக்கம் என்று தேடுவதுபோலக் காதைக் கூர்மையாக்கினார்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "சிலிண்டர் வால்வு கெட்டா?"

"கவராவும் சார்."

"வாஷர்?"

"வாஷர் மட்டும் ஆவாது சார்."

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில், வாஷருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே எங்கேயோ, சுந்தரராமனின் உதடுகள் தாமாகவே பிரிந்தன. ஜானு சட்டென்று ஜலத்தை விட்டாள். அது உள்ளே போகவில்லை. ஓரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

அவள் தலையணையின் ஈரத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள்.

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள நடையில் ராகவேந்திரன் எதிரே வந்தார். அவள் முகத்தைப் பார்த்த கணமே, போக்குவரத்துப் போலீஸ்காரரைப் போலக் கையைத் தூக்கினார்.

"ஒண்ணும் சொல்லாதே."

"அண்ணா, அப்பா..."

"சொல்லாதேங்கறேனே!" குரலை அடக்கிக்கொண்டு ஒரு எட்டு பின்வாங்கினார். "நீ சொல்லி, அது என் காதுல விழுந்தா, அந்த நிமிஷத்துலேர்ந்து எனக்குத் தீட்டு. அப்புறம் பதிமூணு நாளைக்கு நான் எதுலயும் புதுசா கை வைக்க முடியாது. காதுல விழாத வரைக்கும் தீட்டு கிடையாது. சாஸ்திரமே அப்படித்தான் சொல்றது. அமெரிக்காவுல இருக்கறவாளுக்கெல்லாம் சேதி போய்ச் சேர்ந்தப்புறந்தானே கணக்கு?"

"நீ அமெரிக்காவுல இல்லை. பத்தடி தள்ளி நின்னுண்டிருக்கே."

"தூரமா முக்கியம்? தெரியறதுதான் முக்கியம். பன்னண்டு மணி வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் ஒண்ணும் சொல்லலை. அப்பா தூங்கறார்."

"அப்பா தூங்கறாரா?"

"என்னைக் கேக்காதே. எனக்கெப்படித் தெரியும்?"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. சாஸ்திரத்துக்கு ஒரு குந்தகமும் வராமல், காருக்கும் ஒரு குறையும் வைக்காமல், இரண்டையும் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரு உத்தம புருஷனின் முகம் அது.

மன்னி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஜானுவைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்கும் சொல்லிடாதேடி ஜானு," என்றாள் அவசரமாக. "நான் இன்னும் டிபன் சாப்பிடலை. அப்புறம் எடுத்துண்டு போற வரைக்கும் பச்சைத் தண்ணி கிடைக்காது. எனக்கு ஏற்கெனவே சுகர்."

சொன்னவள் உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரிசி உப்புமா. பக்கத்தில் கத்திரிக்காய் கொத்சு. வாணலியைச் சுரண்டும் சத்தம் நடை வரைக்கும் வந்தது. ஜானு தண்ணீர் எடுக்க அடுக்களைக்குள் கால் வைத்தபோது, எதுவுமே தெரியாத மன்னி, உப்புமா வாயோடு புடவைத் தலைப்பை இழுத்து ஒடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"மேல படாம எடுத்துக்கோ."

ஜானு தண்ணீர் எடுக்கவில்லை. பின்னறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு கிழிசல் எடுத்து அவர் தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். இதெல்லாம் யார் செய்யவேண்டும், எந்தப் பக்கம் தலை இருக்கவேண்டும் என்று யாரையும் கேட்க வழியில்லை. அந்த வீட்டில் அப்போது அவள் ஒருத்திக்குத்தான் அப்பா செத்திருந்தார்.

கூடத்தில் பேச்சு ஓயவில்லை. கேஸில் ஓட்டினால் மலை ஏறுமா என்ற கேள்விக்குப் பாஷா, "திருத்தணி ஏறும் சார், திருப்பதிக்குப் பெட்ரோல் போட்டுக்கங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். நடுவில் பாஷா, "பெரியவரு உள்ள படுத்துகினு கீறாரா சார்? சவுண்டே காணோம்" என்று விசாரித்தார். "நன்னாத் தூங்கறார்" என்றார் ராகவேந்திரன். குரலில் பிசிறே இல்லை.

பன்னிரண்டு அடித்தது. ராகவேந்திரன் பிள்ளையாரை நினைத்துக் கண்ணை மூடி, ஃபுல் ஸ்கீமில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். பாஷா கை குலுக்கினார். பிறகு ராகவேந்திரன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நடைப்பக்கம் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கும்படி, கவலை தோய்ந்த குரலில் கூப்பிட்டார்.

"ஜானு! அப்பா எப்படிம்மா இருக்கார்?"

அவள் கதவைத் திறந்து நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அப்பா எப்படி இருக்கார்னு கேட்டேன்."

ஜானு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராகவேந்திரன் கண்ணால் ஜாடை காட்டினார். இப்போது சொல்லலாம், ராகு காலம் போய்விட்டது, சொல்லு. புருவத்தைத் தூக்கினார். மோவாயை ஆட்டினார். அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் அழுவதற்குத் தயாராகத் தலைப்பைக் கையில் சுருட்டி நின்ற மன்னி, உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கொத்சைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லித் தொலையேண்டி," என்றாள் கிசுகிசுப்பாக.

"போய்ப் பாருங்கோ," என்றாள் ஜானு.

வேறு வழியில்லாமல் அவர் போனார். அவர் உள்ளே போனதற்கும் அலறல் வந்ததற்கும் நடுவே மூச்சு விடக்கூட இடமில்லை. "அப்பா! என்னை ஒரு வார்த்தை கூப்பிடாமப் போயிட்டேளே!" சந்திலிருந்த அத்தனை ஜன்னல்களும் திறந்தன. பக்கத்து வீட்டு வைதேகி மாமி ஓடி வந்தாள். பாஷா எழுந்து காகிதங்களைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். வெளியே வந்த ராகவேந்திரனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"மனச விட்டுறாதீங்க சார். இப்பதான் தூங்கறாருன்னு சொன்னீங்க. நல்ல சாவு சார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டிய எப்படியும் கொஞ்ச நாளைக்கு எடுக்கமாட்டீங்க. பேட்டரிய கழட்டி வெச்சிருங்க. நின்ன எடத்துல பேட்டரி போனா ஸ்கீம்ல வராது" என்றார்.

ராகவேந்திரன் அழுகையை நிறுத்திவிட்டு, "ஃபுல் ஸ்கீம்லயுமா?" என்றார்.

"ஃபுல்லுலயும் வராது சார்."

அந்தச் செய்திக்கு அவர் முகம் நிஜமாகவே வாடியது.

வாத்தியாருக்குப் போன் போட்டார்கள். கூடம் நிறைந்துவிட்டிருந்தது. ராகவேந்திரன் விக்கி விக்கி விவரம் சொன்னார். எத்தனை மணிக்கு என்று வாத்தியார் கேட்டிருக்கவேண்டும்.

"பன்னண்டு அடிச்சுக் கொஞ்சம் ஆச்சு. என் மடியிலதான் போச்சு."

"இல்லை," என்றாள் ஜானு. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பதினொண்ணு அடிச்ச உடனே போயிடுத்து. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, ராகவேந்திரன் எல்லோரையும் பார்த்துக் கண்ணீரோடு தலையாட்டினார். "அதிர்ச்சி. ஒரே பொண்ணோல்லியோ."

"பாவம், குழந்தைக்கு நேரம் காலமே தெரியலை," என்று வைதேகி மாமி அவள் முதுகைத் தடவினாள்.

"மாமி, எனக்கு நேரம் நன்னாத் தெரியும். காலம்பறலேர்ந்து அண்ணாவைக் கூப்பிட்டேன். அவன் வரலை."

அதைக் கேட்க யாருக்கும் காது மிச்சமில்லை. ஏனென்றால், போனில் வாத்தியாரின் குரல் திடீரென்று உற்சாகமாகி, ரிசீவரைத் தாண்டிக் கூடம் முழுக்கப் பரவியது.

"பன்னண்டுக்கு மேலயா சொல்றேள்? பஞ்சாங்கத்தைப் பார்க்கறேன் இருங்கோ... பதினொண்ணே முக்கால் வரைக்கும் தசமி. அதுக்கு மேல ஏகாதசி! ஏகாதசியில போறதுன்னா லேசா ஓய்? எத்தனை ஜன்மத்துப் புண்ணியம்! மகா ரிஷிகளுக்கே வாய்க்காது!"

கூடமே சிலிர்த்தது. இதுவரைக்கும் மீட்டர் பார்க்கிற சுந்தரராமனாக இருந்தவர், ஒரே நிமிஷத்தில் மகானாகிவிட்டார். போன வருஷம் அவரோடு குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போட்டு, இனி முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று சபதம் செய்த எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மன்னி, "அதான் காலம்பறலேர்ந்தே மூஞ்சியில அப்படி ஒரு தேஜஸ்" என்று தேம்பினாள். ராகவேந்திரன் பெருமை தாங்காமல் மறுபடியும் அழுதார். இந்தத் தடவை அழுகை கொஞ்சம் நன்றாகவே வந்தது. துக்கம் கேட்க வந்த ஒருவர் வாசலில் நிற்கும் கார் யாருடையது என்று விசாரிக்க, மூக்கைச் சிந்தியபடியே, "டூயல் ஃப்யூயல்" என்றார்.

வைதேகி மாமி தெருப்பெண்களைத் திரட்டி வந்தாள். ஏகாதசியில் போன பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒவ்வொருத்தியாகப் பின்னறைக்குள் குனிந்து நுழைந்தார்கள். இடம் போதாததால், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜானுவைக் கொஞ்சம் எழுந்து வெளியே நிற்கச் சொன்னார்கள்.

சுந்தரராமன் தசமியில் செத்தார்.