எனக்கு முன்னால் கிளம்பிய பை

என் பை திங்கட்கிழமையே சென்னைக்குக் கிளம்பிவிட்டது. நான் புதன்கிழமை காலையிலும் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. தென்காசிக்கு வடக்கேதான் சென்னை இருக்கிறது, அதை யாரும் மாற்ற முடியாது. எனக்கோ புதன் மாலை பொதிகை ரயிலில்தான் டிக்கெட். என் அப்பா தாணுமாலயன் இப்படிப்பட்ட சிக்கல்களைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தவர். பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "பரஸ்தானம் வச்சிருவோம்" என்றார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப் பையை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் சூலம் ஒன்றும் செய்யாது. ஒரே நிபந்தனை, வெளியே போன பை பயணம் முடியாமல் வீடு திரும்பக் கூடாது.

பயணம் போகிறவருக்கு மிகவும் வேண்டிய பொருள் ஒன்றும் பைக்குள் இருக்க வேண்டுமாம். "இவ எந்நேரமும் இந்த வயரைத்தான கட்டிக்கிட்டு அழுவுதா" என்று அப்பா என் லேப்டாப் சார்ஜரைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். அம்மாவின் சிநேகிதி ஜெயசித்ரா அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். பை அவர் வீட்டுக்குப் போனது.

நான் யோகலட்சுமி. வயது முப்பத்துநாலு. சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கொரோனா வந்தபோது பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று இரண்டு சுடிதாரோடு தென்காசிக்கு வந்தவள், வீட்டிலிருந்தே வேலை பார்த்து இங்கேயே தங்கிவிட்டேன். அதற்கு முன்னால் நான் வேறு ஆள். ஆபீஸ் பயிற்சிக்காகக் கவுகாத்தி வரை தனியாகப் போயிருக்கிறேன். ரயில் எங்கோ ஒரு பொட்டல் காட்டில் நின்றுவிட்டபோது, தெரியாத இந்தியில் டிக்கெட் பரிசோதகரிடம் சண்டை போட்டு, கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் யாரோ சொன்ன கதை போல இருக்கிறது.

தைரியம் ஒரே நாளில் போய்விடவில்லை. "வெயிலா இருக்கு, நான் கொண்டுவிடுதேன்" என்று அப்பா முதலில் ஸ்கூட்டரை எடுத்தார். அப்புறம் மழையாக இருந்தது. அப்புறம் வெயிலும் மழையும் இல்லாத நாட்களிலும் அவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். துணிக்கடை, வங்கி, தையல்கடை எல்லாம் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான். பல் டாக்டரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்றுகூட அப்பாதான் சொன்னார். நான் வாயைத் திறந்து காட்டியதோடு சரி. எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். முக்குக் கடைக்குத் தனியாகப் போகச் செருப்பை மாட்டினேன், நெஞ்சு படபடவென்று அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொண்டேன்.

இப்போது கம்பெனி எல்லோரையும் நேரில் வரச் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை காலை என் நாற்காலியில் நான் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. பயணத்துக்கென்று இரண்டு நாள் விடுப்பும் கொடுத்திருந்தார்கள். இரண்டு ராத்திரியாக நான் தூங்கவில்லை. எழும்பூரில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது, ஹாஸ்டலில் அறை தராவிட்டால் என்ன செய்வது, ரயிலில் தலை சுற்றினால் யாரிடம் சொல்வது என்று யோசித்து யோசித்துப் புதன்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தேன். போவதில்லை. வேலையை விட்டுவிடுவது.

அப்பாவும் அம்மாவும் என் பயணம் நல்லபடியாக அமைய ஆய்க்குடி முருகனுக்கு அர்ச்சனை செய்யப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் மெயிலை அனுப்பிவிட வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தேன். 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களால்' என்று அடித்தேன். அது என்ன குடும்பக் காரணம் என்று யோசிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தது. ஆபீஸ் மெயில் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும். மேனேஜரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லலாம். அதற்குத் தைரியம் இருந்தால் ரயிலே ஏறிவிடலாமே.

சார்ஜர் பரஸ்தானத்தில் இருந்தது. பையை வீட்டுக்குக் கொண்டுவந்தால்தானே குற்றம், சார்ஜரை மட்டும் எடுத்து வருவோம் என்று துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன். ஜெயசித்ரா அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. போன் அடித்தேன். ஒரே இரைச்சல்.

"ராயகிரியில இருந்து தங்கச்சி வந்திருக்காட்டி. குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். மெயின் அருவியில நிக்கோம். சாயந்தரம் வந்துருவேன், ஒனக்கு அதுக்கப்புறம்தான ரயிலு?"

"இல்லக்கா, அவசரமா ஒரு சாமான் எடுக்கணும்."

"சாவி என் கிட்டல்லா இருக்கு. அப்பாவை ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வந்து வாங்கிக்கோயேன்."

நான் அப்பாவோடுதான் வர முடியும் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. பூட்டின் முன்னால் நின்று அழலாமா என்று பார்த்தேன். மதியம் தாண்டினால், கிளம்பியாச்சா என்று மேனேஜரே கூப்பிடுவார். அவருடைய குரலைக் கேட்பதைவிடக் குற்றாலம் மேல் என்று தோன்றியது. அப்படித்தான் போனேன், வீரத்தில் அல்ல.

பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்றே தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர். நான்கு பேரிடம் கேட்க நினைத்து நான்கு பேரிடமும் கேட்காமல், கூட்டம் ஏறிய டவுன் பஸ்ஸில் நானும் ஏறினேன். கம்பியைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது. கண்டக்டர் வந்ததும் இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"காசு எதுக்கும்மா? பொம்பளையாளுக்குத்தான் ஃப்ரீயாச்சே. டிக்கெட்டை மட்டும் பிடிங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளியூரா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் காந்தியது. இந்தச் சலுகை வந்து வருஷக் கணக்காகிறது. பேப்பரில் படித்திருக்கிறேன், ஆனால் ஒரு தடவைகூட பஸ் ஏறியதில்லை. "இந்த ஊருதான் அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேலகரம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. இறங்கினால் குற்றாலத்தில் தலை வைக்க இடமில்லை. ஈரத் துண்டும் சீயக்காய் வாசமும் பலாப்பழக் கடையுமாக சீசன் பொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருவிக்கு நடந்தால் எதிரே மொத்த ஜனமும் திரும்பி வருகிறது. தண்ணீர் கூடிவிட்டதால் குளிக்கத் தடை என்று போலீஸ் மைக்கில் கத்திக்கொண்டிருந்தது. எல்லோரையும் ஐந்தருவிக்குப் போகச் சொன்னார்கள். ஜெயசித்ரா அக்காவுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை.

ஐந்தருவி இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு அடி வைத்தேன், திரும்பிப் போய் என்ன செய்வது என்று நின்றேன். என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

"ஏம்மா, நீங்க இந்த ஊரா?" புர்கா அணிந்த ஒரு பெண் என் தோளைத் தொட்டார். கூட இன்னும் இரண்டு பெண்கள். "காயல்பட்டினத்துல இருந்து வாரோம். ஐந்தருவிக்கு ஆட்டோவில கேக்க ரேட்டைப் பார்த்தா ஊருக்கே திரும்பிப் போயிரலாம் போல இருக்கு. நீங்க கொஞ்சம் பேசுங்களேன்."

பஸ்ஸில் பட்ட அவமானம் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அது முழுவதையும் ஆட்டோக்காரர் தலையில் கொட்டினேன். "என்ன அண்ணாச்சி, வெளியூர்க்காரங்கன்னா ஏமாத்திரலாமா? இந்தா இருக்க ஐந்தருவிக்கு இம்புட்டா? சீசன்னா ஒரு ஞாயம் வேண்டாமா?" என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவர் பாதியாகக் குறைத்தார். நான் விடவில்லை. "ஏறுங்கக்கா, ஏறித் தொலைங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். நால்வரும் ஏறினோம்.

"என் பேரு ஜாஹிரா பீவி" என்றார் அந்தப் பெண். "ஒங்கள மாதிரி தைரியமான ஆளு கிடைச்சது நல்லதாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரிந்திருக்காது.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஜெயசித்ரா அக்காவின் மஞ்சள் ஜாக்கெட் தண்ணீருக்குள் தெரிந்தது. "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வழியை மறித்து நின்ற என்னைப் பார்த்து ஒரு போலீஸ்காரம்மா விசில் ஊதினார்.

"நடுவில நிக்காதம்மா! குளிக்கணும்னா உள்ள போ, இல்லன்னா வெளிய போ!"

போனை ஜாஹிரா பீவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். தண்ணீர் உச்சந்தலையில் மொத்தென்று இறங்கியது. மூச்சு முட்டியது, யாரோ என் காலை மிதித்தார்கள், நானும் யாரையோ மிதித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து அக்காவின் கையைப் பற்றினேன். அவர் கண்ணைத் திறந்து பேயைக் கண்டவர் போலப் பார்த்தார். இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

"எங்கட்டி, அப்பா எங்கன?"

"வரலக்கா."

"பெறவு எப்படி வந்தே?"

"வந்தேன்" என்றேன். எனக்குப் பல் கிட்டிக்கொண்டு பேச வரவில்லை. தாலிச் சங்கிலியில் ஊக்குப் போட்டு மாட்டியிருந்த சாவியை அவர் கழற்றிக் கொடுத்தார். ஜாஹிரா பீவியிடம் போனை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றேன். யார் பார்த்தார்களோ, என்ன நினைத்தார்களோ, கவனிக்க நேரமில்லை. குளிராக இருந்தது, பசித்தது, அவ்வளவுதான். மெயிலில் எழுத வேண்டிய குடும்பக் காரணத்தை மட்டும் யோசித்துக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஜெயசித்ரா அக்கா வீட்டைத் திறந்து, பையைத் திறந்து, சார்ஜரைக் கையில் எடுத்த நேரத்தில் அப்பாவின் போன் வந்தது.

"ஏட்டி, எங்கன இருக்கே? வீடு பூட்டிக் கிடந்துச்சு, எங்கிட்ட இருந்த சாவியில தொறந்தோம். அம்மை அழுவுதா."

"குத்தாலத்துக்குப் போயிருந்தேன்ப்பா."

"யாரு கூட?"

"யாரு கூடயும் இல்ல. பஸ்ல."

அப்பாவின் குரல் உடைந்து வந்தது. "எனக்கு உசிரே போயிட்டு. ஒனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீ சென்னைக்கும் போவாண்டாம், ஒண்ணுக்கும் போவாண்டாம். அந்த வேலையைச் சவத்த விட்டுத் தள்ளு. உன்னால முடியாது. நான் இருக்கேன்லா?"

காலையிலிருந்து அதே வார்த்தைகளைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாயில் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. உன்னால் முடியாது என்று எனக்கு நானே சொன்னபோது அது அடக்கம் போல இருந்தது. அவர் சொன்னபோது, கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. அவர் மேல் கோபம், அதைவிட என் மேல் கோபம்.

"பை வெளியே வந்த பெறவு வீட்டுக்குத் திரும்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன். "பையும் நானும் இங்கனதான் இருக்கோம். நான் இங்கேயிருந்தே ஸ்டேஷனுக்குப் போறேன். லேப்டாப்பை மட்டும் எடுத்துட்டு அம்மாவோட அங்க வாங்க."

அவர் வைத்த விதியில் அவரே மாட்டிக்கொண்டார். பஞ்சாங்கத்தை எதிர்த்து அவர் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஈரத்துணியை மாற்றிக்கொண்டு, சாவியை ஜெயசித்ரா அக்கா வந்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் கால் நடந்தது.

பிளாட்பாரத்தில் அம்மா திருநீறு பூசி, புளியோதரைப் பொட்டலத்தைத் தந்து, ஆயிரம் புத்தி சொன்னார். வண்டி வந்ததும் அப்பா எனக்கு முன்னால் ஏறி என் இருக்கையைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலை ஏற்றி இறக்கிப் பார்த்தார், எதிரே இருந்தவரை முறைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இனி நான் எங்கன போவேன்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒன்னைக் கூட்டிட்டுப் போவணும்னுதான் சட்டையே மாட்டுவேன். ரிட்டயர் ஆன பெறவு, நான் மட்டும்னு எங்கேயும் போனதில்ல. இப்ப நெனச்சாலே ஒரு மாதிரி வருது."

இத்தனை வருஷமாக அவர் என்னைப் பிடித்து வைத்திருந்தார் என்று நினைத்திருந்தேன். அவர் என்னைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் உட்கார்ந்தேன். "வார சனிக்கிழமை இதே வண்டியில ஏறி என்னைப் பார்க்க வாங்கப்பா. நான் எழும்பூர்ல வந்து நிக்கேன்."

"நான் மட்டுமா?" என்றார்.

வண்டி நகர்ந்தது. அவர் பதிலுக்காகக் கூடவே நடந்து வந்தார். ஆமாம் என்று நான் கத்தினேன்.