வெள்ளி பத்து

சிறுநீரகம் கெட்டவர்களை டயாலிசிஸ் நிலையத்துக்கு இலவசமாக ஏற்றிப்போகும் வேன், இந்த மாதத்தோடு நிற்கப் போகிறது. டத்தோ கிராமாட்டில் அதை நடத்தும் சங்கத்துக்குச் செயலாளர் ஜெகதீஸ்வரி. வருஷக்கணக்காகப் பெட்ரோலுக்குக் கொடுத்துவந்த, பிறை ஊரிலுள்ள தொழிற்சாலை கையை விரித்துவிட்டது. அவள் ஏறாத படியில்லை. விருந்து டிக்கெட் விற்றுப் பார்த்தாள், கார் ஸ்டிக்கர் விற்றுப் பார்த்தாள். எல்லாரும் நன்றாக உச்சுக்கொட்டினார்கள், பர்ஸைத்தான் திறக்கவில்லை.

வாரம் மூன்று நாள் அந்த வேனில் போகிற குணவதியக்காவுக்கு ஒரே கேள்விதான். "அடுத்த மாசம் வேன் வருமா, ஈஸ்வரி?"

பாவம், ஜெகதீஸ்வரி. பேச்சை மாற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

கடைசி முயற்சியாக, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியோடு வாழையிலைச் சாப்பாடு போட்டு விற்க நினைத்தாள். இலைக்குப் பத்து ரிங்கிட், ஊர்ப் பேச்சில் பத்து வெள்ளி. வாட்ஸ்அப்பில் செய்தியும் அனுப்பினாள்: "சங்கத்தில் வாழையிலைச் சாப்பாடு. வெள்ளி பத்து. அனைவரும் வருக." அவசரக்குடுக்கை! விலையைப் போட்டவள் கிழமையைப் போட மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சங்க வாசலில் பெருங்கூட்டம்.

"என்னக்கா, இன்னும் இலை போடலையா?" என்றாள் பேங்கில் வேலை செய்யும் ஷர்மினி.

"சாப்பாடு ஞாயித்துக்கெழமைதானேம்மா?"

"வெள்ளி பத்துன்னு போட்டீங்களே! இன்னிக்கு வெள்ளி, தேதியும் பத்து."

ஜெகதீஸ்வரி தலையிலடித்துக்கொண்டாள். "ஐயையோ, அது வெலைம்மா! கறி ஞாயித்துக்கெழமைதான் வரும். இப்போ பருப்பும் கோஸும் கத்திரிக்காயுந்தான் இருக்கு."

"வெள்ளிக்கெழமை யாருக்குக்கா கறி வேணும்? நல்ல சைவச் சாப்பாட்டுக்குத்தான் நாங்க அலையறோம்லா. செய்யுங்க, இருக்கோம்."

அடுத்த சாப்பாட்டுக் கடை யூசுப் நானா ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, கடையில ஒரு அண்டா வெறுஞ்சோறு வெந்து கெடக்கு. தூக்கிக்க. நான் தொழுதுட்டு வந்து வேற வடிச்சிக்கிறேன்."

வேன் ஓட்டும் புவனேஸ்வரன் அண்டாவைத் தூக்கி வந்தான். அன்று டயாலிசிஸ் இல்லாததால் குணவதியக்கா மடியில் கோஸை வைத்து அரிந்து தள்ளினாள். வரிசையில் நின்ற பெண்களே துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இலை கழுவினார்கள். சாம்பார் கொதித்த வாசனையில் தெருவே வந்துவிட்டது. நேரமாகிவிட்டவர்கள் புங்குஸ் பண்ணி, பொட்டலமாகக் கட்டித் தரச்சொல்லி எடுத்துப் போனார்கள்.

கை கழுவிவிட்டு வந்த ஷர்மினி, "அடுத்த வெள்ளியும் உண்டுதானேக்கா? எங்க பேங்குக்கு வாராவாரம் முப்பது பொட்டலம் எழுதிக்குங்க," என்றாள். பின்னாலிருந்த டீச்சர் தன் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டும் என்றார். அப்புறம் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள்.

அட, பெட்ரோல் காசுக்காக இத்தனை நாள் ஊரெல்லாம் கையேந்தி அலைந்தோமே என்று ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. கறிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாமென்றாள்.

கூட்டம் கலைந்ததும் குணவதியக்கா மெதுவாக வந்தாள். "ஈஸ்வரி, அடுத்த மாசம் வேன்…"

"வெள்ளி வாராவாரம் வரும்க்கா. வேனும் வரும்."

சொல்லிவிட்டு, இந்தத் தடவை அக்காவின் எதிரிலேயே அழுதாள்.