குப்பைத் தொட்டி இல்லாத வீடு

எங்கள் வீட்டில் குப்பைத் தொட்டி கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வாசலிலும் கதவு எண் எழுதிய பச்சைத் தொட்டி ஒன்று நிற்கும். காலையில் குப்பை வண்டிக்காரர் வந்து எண் இருக்கும் தொட்டியிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டு போவார். பக்கத்தில் ஒரு காகிதம் கிடந்தாலும் தொடமாட்டார். வீட்டுக்கு வீடு தொட்டி கொடுத்த கையோடு தெருவில் இருந்த பொதுத் தொட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். குழந்தை பிறந்த மாதம் என் கணவர் எங்கள் தொட்டியைக் கழுவித் துடைத்து, குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இனி இது எங்களுக்குத் தேவைப்படாது என்று செயலாளரிடம் ஒப்படைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நானும் தட்டினேன். வாசலில் அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும் மிஞ்சியது.

அவர் வீம்புக்குச் செய்யவில்லை. அவருக்குக் கழிவுநீர் ஏற்றும் நிலையத்தில் வேலை. பம்புக்கு முன்னால் இரும்புச் சல்லடை ஒன்று உண்டு. ஊரார் கழிப்பறையில் போடுவதெல்லாம் அதில் வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கொக்கி போட்டு இழுப்பது இவர்தான். வருவதில் பாதி டயப்பர், தண்ணீர் குடித்துச் செத்த பெருச்சாளி போல ஊதிக் கிடக்கும். "நம்ம புள்ளையோடது ஒண்ணுகூட அங்க வரக் கூடாது" என்றார், எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது. சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆகவே துணி நாப்பி. பழைய பருத்திப் போர்வைகளைக் கிழித்து நானே தைத்தேன். விளையாட்டுச் சாமான் எல்லாம் மரம். காய்கறித் தோல் பால்கனியில் மண்சட்டிக்குள் மக்கும். அப்படி மக்காமல் மிஞ்சியதையெல்லாம் கூடத்து அலமாரியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தார். மாத்திரை அட்டை, சொட்டு மருந்து மூடி, உடைந்த துணிக் கிளிப், அவ்வளவுதான். அந்தப் பாட்டிலைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கூடம் நிறைந்துவிடும். எங்களுக்குப் பாட்டில் வீடு என்று பெயரே விழுந்தது.

முதலில் நாப்பிகளை ஆளுக்குப் பாதியாகத் துவைத்தோம். பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது, நான் வேலைக்குத் திரும்பினேன், மழையும் பிடித்துக்கொண்டது. நான் திரைச்சீலை தைக்கும் கடையில் இருக்கிறேன். கையில் வருவது பெரும்பாலும் மெல்லிய வலைத்துணி. சலவைச் சோடா போட்டுத் துவைத்துத் துவைத்து என் விரல் நுனியெல்லாம் வெடித்து, வலைத்துணியைத் தொட்டாலே இழை மாட்டிக்கொண்டு வந்தது. இரண்டு திரைச்சீலை வீணான பிறகு சூப்பர்வைசர் அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "இது கையா, தேங்காய்த் துருவியா?" இன்னொரு தடவை இழை போனால் மெத்தை உறைப் பக்கம் அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அன்று சாயங்காலம் மருந்துக் கடையில் ஒரு பாக்கெட் டயப்பர் வாங்கி, வெட்டுத்துணிப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். மழை விடும்வரைதான் என்று நினைத்தேன்.

வாங்கத் தெரிந்த எனக்குக் கழற்றியதை எங்கே போடுவது என்று யோசிக்கத் தெரியவில்லை. முதல் டயப்பரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். கழிப்பறையில் போட்டால் நேரே அவருடைய சல்லடைக்குத்தான் போகும். மண்சட்டியில் மக்காது. கடைக்கு எடுத்துப்போனால் அங்கே கூடையில் வெட்டுத்துணியைத் தவிர வேறெதுவும் போட விடமாட்டார்கள். ஒருநாள் எதிர்வீட்டுத் தொட்டியில் நழுவவிட்டேன். மறுநாள் எதிர்வீட்டு அக்கா, கைக்குழந்தை வைத்திருக்கும் கீழ்வீட்டுப் பெண்ணைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, பாட்டில் வீட்டைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாமா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் முழித்தாள். நான் அவர்களைக் கடந்து மேலே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்த சிவப்பு சூட்கேஸுக்குள் போயிற்று. ஒவ்வொன்றையும் வெட்டுத்துணியில் இறுகச் சுற்றி, காய்ந்த எலுமிச்சைத் தோலைத் தூவி வைப்பேன்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. கொடியில் நாப்பி தொங்காவிட்டால் அவர் கேட்பார். அதனால் குழந்தைக்குக் கட்டாத சுத்தமான நாப்பிகளை நனைத்துப் பிழிந்து பால்கனியில் போட்டேன். மழைக்காற்றில் அவை காயவில்லை. காயாததைக் கட்ட முடியாது, எனவே மறுபடி டயப்பர். அவர் வரும் நேரத்துக்கு மட்டும் அகப்பட்ட காய்ந்த துணி ஒன்றைக் கட்டிவிடுவேன். அவர் கொடியைப் பார்த்துவிட்டு, பாவம் எவ்வளவு துவைத்திருக்கிறாய் என்று வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து என் கைகளை அதில் ஊறப்போடச் சொல்வார். அதைவிட இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

மழை விட்டது. நான் விடவில்லை. விரல்கள் ஆறியிருந்தன. மறுபடி சோடாவில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சூட்கேஸை மூடுவதற்கு மேலே ஏறி உட்கார வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டிலைப் பார்க்க வருகிற கூட்டத்தோடு ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். அவளுக்கு நிறைமாதம். கூடத்தில் என் கணவர் பேசிக்கொண்டிருந்தார். மழையிலும் எங்கள் வீட்டில் துணி நாப்பி கட்டுவது நிற்கவில்லை, வேலைக்கும் போய்க்கொண்டு இவள் ஒருத்தியே சமாளித்தாள் என்றார். யாரோ ஆகா என்றார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. அவள் குதிகாலுக்குப் பின்னால் சூட்கேஸின் கைப்பிடி தெரிந்தது.

கொஞ்ச நேரம் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, மழையில எப்படிக்கா காய வெச்சீங்க? எங்க வீட்டுக்காரரு நாளைக்கே தொட்டியத் திருப்பிக் குடுத்துரலாம்ங்கறாரு. உங்களால முடிஞ்சப்ப என்னால முடியாதான்னு கேக்கறாரு."

இஸ்திரி போட்டுக் காய வைத்தேன் என்று சொல்லலாம். விசிறிக்குக் கீழே போட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டுமே எனக்கு வாயில் பழகிய பதில்கள். அவளுடைய கை என் குழந்தையின் கைமேல் இருந்தது. அவள் விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன.

"காயல" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சூட்கேஸை இழுத்துத் திறந்தேன். நாற்றம் எனக்கு முன்னால் கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே பேச்சு நின்றது. என் கணவர் வந்து நிலைப்படியில் நின்றார்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்தனையுமாக்கா?" என்றாள்.

"பாட்டில்ல அடங்கல. நீ தொட்டியக் குடுத்துடாதம்மா. துணியே கட்டு, ஆனா தொட்டி வாசல்லயே இருக்கட்டும்."

வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் போகிறபோக்கில் பாட்டிலை ஒரு மாதிரி பார்த்தார்கள். என் கணவர் கத்தவில்லை. சல்லடையைப் பார்ப்பது போல அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். மழை பிடித்ததிலிருந்து என்றேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க எங்க போட்டிருப்பீங்க?"

அவர் பெட்டியை மூடி, முழங்காலால் அமுக்கிப் பூட்டி, போட்டுவிட்டு வருகிறேன் என்று தூக்கிக்கொண்டு இறங்கினார். பால்கனியிலிருந்து பார்த்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்று, "ஊருக்கா சார்?" என்று கேட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். "என்ன சார், வண்டிய விட்டுட்டீங்களா?" என்று வாட்ச்மேன் கேட்பது மேலே வரை கேட்டது. படிகளில் அவர் ஏறிவந்த சத்தத்திலேயே பெட்டி காலியாகவில்லை என்று தெரிந்தது.

"எங்கயும் எடமில்ல" என்றார்.

"தெரியும்."

"பாலம் வரைக்கும் போனேன். ஆத்துல போட்டுடலாம்னு கைப்பிடிச் சுவர் மேலகூட வெச்சேன். கை வரல." உள்ளங்கையில் கைப்பிடி பதிந்த கோடு சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, புதுத் தொட்டி வேண்டுமென்றால் அடுத்த மாதக் கூட்டத்தில்தான் கேட்க முடியும் என்றார். அதுவரைக்கும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று பெட்டியை உள்ளே தள்ளப் போனார்.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வாசல் கதவைத் திறந்து, அந்த வட்டக் கறையின்மேல் சூட்கேஸை நிறுத்தினேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஊருக்குக் கெளம்பறீங்க?"

"யாரும் போகலக்கா. இது எங்க வீட்டு டயப்பர். அன்னிக்கு உங்க தொட்டியில கெடந்ததும் எங்களோடதுதான். கீழ்வீட்டுப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் வரவில்லை. கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாள் போலிருந்தது.

என் கணவர் குழந்தையோடு எனக்குப் பின்னால் நின்றார். குழந்தை அவர் சட்டையை நனைத்திருந்தது. கொடியில் எல்லாம் கூட்டம் வருவதற்கு முன் நான் நனைத்துப் போட்ட நாப்பிகள், இன்னும் ஈரமாகவே தொங்கின. பெட்டியை உள்ளே எடு என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"நம்பர் இல்லாம வண்டிக்காரர் தொட மாட்டாரே" என்றார்.

தையல் பையிலிருந்து துணி வெட்டக் குறி போடும் சாக்கட்டியை எடுத்து வந்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து, சிவப்பு மூடியின்மேல் எங்கள் கதவு எண்ணைப் பெரிதாக, அழுத்தி எழுதினேன்.